ஆய்வேடும் 42 கிலோமீட்டரும்

மாரத்தான் பயிற்சியும் முதுநிலைப் படிப்பும் தனித்தனியே ஓர் ஆளின் முழுப் பொழுதையும் கேட்பவை என்பதால், இரண்டையும் ஒரே காலத்தில் மேற்கொள்பவர் இரண்டிலும் அரைகுறையாகவே நிற்பார் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. ஓட்ட வரலாறு இந்த எண்ணத்துக்குச் சாட்சி சொல்வதில்லை. 1972 செப்டம்பர் 10 அன்று மியூனிக் ஒலிம்பிக்கில் நடந்த மாரத்தானில் அமெரிக்க வீரர்கள் மூவரும் முதல் பத்து இடங்களுக்குள் வந்தனர். முதலிடம் பெற்ற ஃபிராங்க் ஷார்ட்டர் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தின் சட்ட மாணவர். நான்காவதாக வந்த கென்னி மூர் அதே ஆண்டில் ஒரிகன் பல்கலைக்கழகத்தில் படைப்பிலக்கியத்தில் முதுகலைப் பட்டம் பெற்றவர். ஒன்பதாவதாக வந்த ஜாக் பாச்சலர் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் பூச்சியியல் ஆய்வு செய்து முனைவர் ஆனவர். இவர்களுக்கிடையே ஆறாவதாக வந்த பிரிட்டன் வீரர் ரான் ஹில்லும் துணியிழை வேதியியலில் முனைவர் பட்டம் பெற்றவரே.

இந்தத் தற்செயலுக்குப் பின்னால் ஒரு விதி இருந்தது. ஓட்டத்தால் பணம் ஈட்டுபவர் ஒலிம்பிக்கில் கலந்துகொள்ளக் கூடாது என்ற தொழில்முறையற்ற விளையாட்டு விதி அக்காலத்தில் நடைமுறையில் இருந்ததால், நெடுந்தொலைவு ஓட்டக்காரர் ஒவ்வொருவருக்கும் பிழைப்புக்கு வேறொரு வழி தேவைப்பட்டது. இளங்கலை முடித்தவுடன் கல்லூரி அணியில் இடமும் பயிற்சியாளரின் கவனமும் போய்விடும். ஆனால் மாரத்தான் ஓட்டக்காரரின் உடல் முதிர்வதோ அதற்குப் பிந்தைய ஐந்தாறு ஆண்டுகளில்தான். அந்த இடைவெளியில் தங்குவதற்குப் பல்கலைக்கழகத்தை விட ஏற்ற இடம் குறைவு. சிறு உதவித்தொகை, தாமே அமைத்துக்கொள்ளக்கூடிய நேரம், ஓடுதளம், அதே வயதுத் தோழர்கள் ஆகிய எல்லாம் அங்கு ஒருங்கே கிடைத்தன. எனவே அந்த வீரர்கள் படிப்பைப் பொருட்படுத்தாமல் ஓடினார்கள் என்பதை விட, படிப்பு என்ற ஏற்பாடே அவர்களுடைய ஓட்டத்தைத் தாங்கியது என்பதே பொருத்தமாக இருக்கும்.

கெய்ன்ஸ்வில் நகரத்து மூவர்

ஃபுளோரிடா பல்கலைக்கழகம் அமைந்துள்ள கெய்ன்ஸ்வில் பெரிய நகரமன்று. கோடையில் வெப்பமும் ஈரப்பதமும் ஒன்றுசேர்ந்து அழுத்தும் அவ்வூரின் காற்றைச் சென்னைவாசிகள் எளிதில் அடையாளம் கண்டுகொள்வார்கள். ஏறத்தாழ இரண்டு மீட்டர் உயரமுள்ள பாச்சலர், 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 5,000 மீட்டர் இறுதிப் போட்டிக்குத் தகுதி பெற்றும் நோயால் ஓட முடியாமற்போனவர். ஃபுளோரிடா டிராக் கிளப் என்ற உள்ளூர் ஓட்டக் கழகத்தின் மையம் அவரே. யேல் பல்கலைக்கழகத்தில் 1969-இல் பட்டம் பெற்று, நியூ மெக்சிகோவில் மருத்துவப் படிப்பைத் தொடங்கிச் சில வாரங்களிலேயே கைவிட்ட ஷார்ட்டர், பாச்சலரோடு சேர்ந்து பயிற்சி செய்வதற்காகவே 1970-இல் கெய்ன்ஸ்வில்லுக்கு வந்தார்; அங்கே சட்டப் படிப்பில் சேர்ந்தார். அமெரிக்காவில் சட்டம் என்பது இளங்கலைக்குப் பின் தொடரும் மூன்றாண்டுப் படிப்பு. ஒலிம்பிக் தங்கத்தைப் பெற்ற பின்னரும் அவர் அதை விடாமல் 1974-இல் பட்டம் பெற்றார். இடைப்பட்ட 1971 முதல் 1974 வரை ஜப்பானின் ஃபுக்குவோக்கா மாரத்தானில் தொடர்ந்து நான்கு முறை வென்றதும் அவரே என்பதைச் சேர்த்துப் பார்த்தால் அந்தச் சட்டப் படிப்பின் சூழல் ஓரளவு விளங்கும். மூன்றாமவரான ஜெஃப் காலவே அதே மாநிலத்தின் டல்லஹாசியில், ஃபுளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தில் முதுகலை படித்தவர்.

ஷார்ட்டரின் பயிற்சித் திட்டம் வியக்கத்தக்க அளவுக்கு எளிமையானது. வாரத்தில் இரண்டு நாள் ஓடுதளத்தில் ‘இன்டர்வல்’ பயிற்சி நடக்கும். குறுகிய தூரத்தைப் பந்தய வேகத்திலோ அதை விஞ்சிய வேகத்திலோ ஓடி, சற்றே இளைப்பாறி, மீண்டும் ஓடுவதற்கு அந்தப் பெயர். ஞாயிறன்று சுமார் இரண்டு மணி நேரம் ஒரு நெடிய ஓட்டம் உண்டு. தமிழ்நாட்டு ஓட்டக் குழுக்களில் இன்று ‘லாங் ரன்’ என்று அழைக்கப்படுவது இதுவே. மீதி எல்லா ஓட்டங்களும், அதாவது வாரத்தின் பெரும்பகுதி, பக்கத்தில் வருபவருடன் பேசிக்கொண்டே ஓடக்கூடிய நிதானத்தில் நடந்தன. காலையிலும் மாலையிலுமாக நாளுக்கு இரு முறை ஓடியதால் வாரத் தொலைவு 200 கிலோமீட்டரைக் கடந்த காலங்களும் இருந்தன. ஆனாலும் உடலைப் பிழியும் வேலை வாரத்தில் மூன்று நாட்களுக்கு மேல் இல்லை.

திட்டத்துக்கு நிகரான பங்கு தோழமைக்கும் உண்டு. 1972 ஜூலையில் யூஜீன் நகரில் நடந்த தகுதிப் போட்டியில் 10,000 மீட்டர் ஓட்டத்தின் மூலம் ஏற்கெனவே ஒலிம்பிக் அணியில் இடம்பெற்றுவிட்ட காலவே, சில நாள் கழித்து நடந்த மாரத்தானில் பாச்சலருக்குத் துணையாகவே ஓடி, முடிவுக் கோட்டருகே தம் வேகத்தைக் குறைத்து மூன்றாம் இடத்தை அவருக்கு விட்டுக்கொடுத்தார். மியூனிக் செல்லும் வாய்ப்பு பாச்சலருக்குக் கிடைத்தது அப்படித்தான். ஆய்வு மாணவரின் நாளில் வகுப்பு மணி அடிப்பதில்லை, வருகைப் பதிவேடும் பெரும்பாலும் இல்லை. காலை ஆறு மணிக்கு வாசலில் ஒருவர் காத்திருக்கிறார் என்ற கட்டாயமே அந்த நாளுக்கு ஒரு தொடக்கத்தைத் தருகிறது. தனியாக ஓடுபவர்கள் கைவிடுவதற்கு, மன உறுதி இல்லாததைக் காட்டிலும் காத்திருக்க ஆள் இல்லாததே காரணம் என்று தோன்றுகிறது.

மெதுவாக ஓடுவதன் பொருளாதாரம்

படிப்பும் ஓட்டமும் இணைந்த கதைகளில் அதிகம் சொல்லப்படுவது ரோஜர் பானிஸ்டரின் கதை. லண்டனில் மருத்துவம் படித்துக்கொண்டே, நண்பகல் இடைவேளையில் அரைமணி நேரம் பயிற்சி செய்து, 1954 மே 6 அன்று ஒரு மைலை 3 நிமிடம் 59.4 விநாடிகளில் ஓடி, நான்கு நிமிட எல்லையை முதன்முதலில் கடந்தவர் அவர். ஆனால் மாரத்தானுக்கு ஆயத்தமாகும் மாணவருக்கு இந்தக் கதை ஒரு வகையில் தவறான வழிகாட்டி. ஒரு மைல் ஓட்டத்தின் தேவைகளை அரைமணி நேரத்துக்குள் அடக்கலாம், 42.195 கிலோமீட்டரின் தேவைகள் அதற்குள் அடங்கா.

காரணம் எரிபொருளில் இருக்கிறது. ஒரு கிலோமீட்டர் ஓடுவதற்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறத்தாழ ஒரு கிலோகலோரி செலவாகிறது. 60 கிலோ எடையுள்ளவர் மாரத்தானை முடிக்கச் சுமார் 2,500 கிலோகலோரி வேண்டும். தசைகளும் கல்லீரலும் மாவுச்சத்தைக் கிளைகோஜன் என்ற வடிவில் சேமித்து வைத்தாலும், அந்தச் சேமிப்பு பெரும்பாலோருக்கு ஏறக்குறைய 2,000 கிலோகலோரிக்கு மேல் வருவதில்லை. பற்றாக்குறையை உடற்கொழுப்பு நிரப்ப வேண்டும். கொழுப்போ மெதுவாக எரிவது, கூடுதல் ஆக்சிஜனைக் கேட்பது. கையிருப்புத் தீர்ந்ததும் 30 கிலோமீட்டருக்குப் பின் கால்கள் திடீரென்று கனத்துப்போகும் நிலையையே ஓட்டக்காரர்கள் ‘சுவரில் மோதுவது’ என்கிறார்கள். நிதானமாகவும் நெடுநேரமும் ஓடும்போது தசைகளில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் பெருகுகின்றன; உயிரணுக்களுக்குள் ஆற்றலை ஆக்கும் மைட்டோகாண்ட்ரியாக்கள் எண்ணிக்கையிலும் திறனிலும் வளர்கின்றன; கொழுப்பை எரிக்கும் பழக்கம் முன்னதாகவே தொடங்கிக் கிளைகோஜன் மிச்சப்படுகிறது. இவை எல்லாம் மாதக்கணக்கில் நடப்பவை. எலும்பும் தசைநாணும் இதயத்தை விட மெதுவாகவே பழகுவதால், மூச்சு இடம் கொடுக்கிறது என்று தூரத்தை அவசரமாகக் கூட்டுபவருக்குக் கணுக்காலும் முன்காலெலும்பும் பாடம் கற்பிக்கின்றன.

சாதாரண ஆர்வலர் ஒருவர் வாரத்துக்கு 60 கிலோமீட்டரை, கிலோமீட்டருக்கு ஆறரை நிமிடம் என்ற நிதானத்தில் ஓடினால் ஆறரை மணி நேரம் ஆகும். ஒரு நாளுக்குச் சராசரியாக ஒரு மணி நேரம்கூட ஆகாது. எனவே நேரமின்மை என்ற பொதுவான முறையீடு பாதிதான் சரி. பேரேட்டில் எழுதப்படாத செலவு வேறிடத்தில் இருக்கிறது: ஞாயிற்றுக்கிழமை 28 கிலோமீட்டர் ஓடிவிட்டு வந்தவர் நண்பகலில் திறந்து வைக்கும் ஆய்வுக் கட்டுரையின் மூன்றாம் பத்தியில் கண் செருகும் அந்த மணி நேரங்கள் எந்தப் பயிற்சி அட்டவணையிலும் காட்டப்படுவதில்லை.

உடலின் ஒரே கணக்கு

சோர்வு எங்கிருந்து வந்தது என்று உடல் பிரித்துப் பார்ப்பதில்லை என்பது இந்தத் துறையின் அண்மைக்கால ஆய்வுகள் தரும் செய்திகளுள் முக்கியமானது. வேல்ஸில் உள்ள பாங்கர் பல்கலைக்கழகத்தில் சாமுவேல் மார்கோராவும் உடன் ஆய்வாளர்களும் 2009-இல் வெளியிட்ட சோதனையில், 16 பேர் ஒரு நாள் 90 நிமிடம் கணினித் திரையில் இடைவிடாத கவனத்தைக் கோரும் பணி ஒன்றைச் செய்த பின்பும், வேறொரு நாள் அதே அளவு நேரம் ஆவணப்படம் பார்த்த பின்பும் சோர்ந்து நிற்கும்வரை மிதிவண்டிக் கருவியை மிதித்தார்கள். மூளை களைத்திருந்த நாளில் அவர்கள் சுமார் 15 விழுக்காடு முன்னதாகவே நிறுத்திவிட்டார்கள். இதயமும் நுரையீரலும் இரு நாட்களிலும் ஒரே விதமாகவே இயங்கின. மிதிப்பது கடினமாக இருக்கிறது என்ற உணர்வு மட்டும் முதல் நிமிடங்களிலிருந்தே கூடுதலாக இருந்தது. புள்ளியியல் மென்பொருளோடு பகல் முழுவதும் போராடிவிட்டு மாலையில் வேகப் பயிற்சிக்குச் சென்று, கால் ஓடவில்லையே என்று தம்மையே நொந்துகொள்ளும் மாணவர், காலில் குறை இல்லை என்பதை இதிலிருந்து அறிந்துகொள்ளலாம்.

டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் கடும் எடைப் பயிற்சிக்கு உட்படுத்தப்பட்ட மாணவர்களைப் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு 2014-இல் வெளியானது. வாழ்க்கை நெருக்கடி மிகுந்திருந்தவர்களின் தசைகள் அடுத்த நான்கு நாட்களில் மற்றவர்களை விட மெதுவாகவே வலுவை மீட்டன என்று அது காட்டியது. மிசௌரி பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணியில் 101 வீரர்களை ஆராய்ந்த 2016-ஆம் ஆண்டு ஆய்வும் தேர்வு வாரங்களில் காயங்கள் கூடுவதைக் கண்டது; பயிற்சியாளர் பளுவை மாற்றாதபோதும் வினாத்தாள் அதை மாற்றிவிட்டது என்று பொருள். இவை மாரத்தான் ஓட்டக்காரர்களைப் பற்றியவை அல்ல என்பது உண்மையே. இருப்பினும் மூன்றும் ஒரே திசையைக் காட்டுகின்றன: பருவத் தேர்வு வாரத்திலும் வழக்கமான அட்டவணையைப் பிடிவாதமாகக் கடைப்பிடிப்பவர் வழக்கமான பயிற்சியைச் செய்வதில்லை, அதை விடக் கடுமையான ஒன்றைச் செய்கிறார்.

இந்த ஆய்வுகளுக்கெல்லாம் முன்பே ஒரிகன் பல்கலைக்கழகப் பயிற்சியாளர் பில் பவர்மன் இதைப் பட்டறிவால் கண்டிருந்தார். கடினமான நாளுக்கு மறுநாள் எளிதான நாள் என்பது அவருடைய நெறி. அவருடைய மாணவராக இருந்த கென்னி மூர், எளிதான நாட்களிலும் ஒளிந்துகொண்டு கூடுதலாக ஓடும் பழக்கமுடையவர். முன்னேற்றம் நின்றுபோனதைக் கண்ட பவர்மன், மூன்று வாரங்களுக்கு நாளொன்றுக்கு மூன்று மைலுக்கு மேல் ஓடக் கூடாது என்று தடை போட்டார். தடை முடிந்து வந்த பந்தயத்தில் மூர் தம் முந்தைய நேரங்களை எல்லாம் கடந்து ஓடினார். நல்ல மாணவர்களுக்கே உரிய நோய் இது என்று சொல்லலாம். கொடுத்த வீட்டுப்பாடத்தை விட இரண்டு கணக்கு அதிகமாகப் போட்டுக் காட்டிப் பழகியவர்களுக்கு ஓய்வையும் ஒரு பாடமாக எழுதிக் கொடுத்தால்தான் செய்வார்கள்.

அன்றாட வாழ்வு என்ற மூன்றாவது சுமை

படிப்புக்கும் ஓட்டத்துக்கும் நடுவே சமையல், துணி, பேருந்து, வீட்டார், வருமானம் என்று ஒரு பெரும் பரப்பு கிடக்கிறது. அதைக் கையாளுவதில் ரான் ஹில் காட்டிய வழி கணக்காளருக்குரியது: எப்படியும் செலவாக வேண்டிய பயண நேரத்தையே அவர் பயிற்சி நேரமாக்கினார். துணி ஆலை ஆய்வகத்தில் வேதியியலாளராகப் பணியாற்றிய காலத்தில் வேலைக்கு ஓடியே போய் ஓடியே வீடு திரும்பினார். 1970-இல் பாஸ்டன் மாரத்தானிலும் எடின்பரோவில் நடந்த காமன்வெல்த் போட்டியிலும் வென்ற கால்கள் அவ்வாறு பதப்பட்டவை. 1964 டிசம்பரிலிருந்து 2017 ஜனவரி வரை ஒரு நாள்கூட ஓடாமல் இருந்ததில்லை என்பது அவருடைய புகழ்பெற்ற இன்னொரு செயல். மேலே கூறியவற்றை வைத்துப் பார்த்தால் அதைப் போற்றலாம், பின்பற்றச் சொல்வதற்கில்லை.

ஆய்வகப் புத்தி அவருக்கு உணவிலும் கைகொடுத்தது. சுவீடனைச் சேர்ந்த ஜோனாஸ் பெர்க்ஸ்ட்ரோம், எரிக் ஹூல்ட்மன் ஆகிய மருத்துவர்கள் தம் உடலையே சோதனைக்களமாக்கி, ஒரு காலால் மட்டும் மிதிவண்டிக் கருவியை மிதித்து, பிறகு மூன்று நாள் மாவுச்சத்து மிகுந்த உணவு உண்டு, உழைத்த காலின் தசையில் ஓய்ந்திருந்த காலில் உள்ளதைப் போல் இரு மடங்கு கிளைகோஜன் சேர்வதை 1966-இல் காட்டினார்கள். இன்று ‘கார்போ லோடிங்’ என்று ஓட்டக்காரர்கள் சொல்லும் முறை இங்கிருந்து பிறந்தது. பந்தயங்களில் அதை முதலில் கையாண்டவர்களுள் ஒருவரான ஹில், 1969-இல் ஏதென்ஸில் ஐரோப்பிய மாரத்தான் பட்டத்தை வென்றார். சோற்றையும் இட்லியையும் அடித்தளமாகக் கொண்ட விடுதிச் சாப்பாடு இந்த ஒரு விஷயத்தில் குறை வைப்பதில்லை. புரதத்தை மட்டும் தேடிச் சேர்க்க வேண்டியிருக்கும்.

மியூனிக் வரலாற்றைச் சொல்லும்போது விட்டுவிடக் கூடாத ஒன்று, அந்த வரிசையில் பெண்கள் இல்லாததற்கான காரணம். அந்த ஒலிம்பிக்கில் பெண்கள் ஓட அனுமதிக்கப்பட்ட மிக நீண்ட ஓட்டம் 1,500 மீட்டர். பெண்களுக்கான ஒலிம்பிக் மாரத்தான் 1984-இல்தான் தொடங்கியது. சிராகியூஸ் பல்கலைக்கழக மாணவி கேத்ரின் சுவிட்சர் 1967-இல் பாஸ்டன் மாரத்தானில் ஓடிக்கொண்டிருந்தபோது, போட்டி நிர்வாகி ஒருவர் அவரை இழுத்து வெளியேற்ற முயன்றார். அதே பாஸ்டன் மாரத்தான் 1972-இல் முதன்முறையாகப் பெண்களை முறைப்படி ஏற்றுக்கொண்டபோது வென்ற நீனா குசிக், மூன்று குழந்தைகளின் தாய். படிக்கும் ஆணின் ஓட்டத்துக்கு வீடு பெரும்பாலும் பின்னணி; படிக்கும் பெண்ணின் ஓட்டத்துக்கு வீடே முதல் வேலை. விடியற்காலை இருட்டில் எந்தச் சாலையில் ஓடலாம், எதில் ஓடக் கூடாது என்ற கணக்கையும் பெண்கள் போட வேண்டியிருக்கிறது. ஒழுக்கமான தினசரி அட்டவணை இருந்தால் எல்லாம் முடியும் என்று எழுதும் பயிற்சி நூல்கள் இந்த வேறுபாட்டைப் பெரும்பாலும் கடந்துசென்றுவிடுகின்றன.

ஜனவரிப் பந்தயமும் நவம்பர்த் தேர்வும்

சென்னை மாரத்தான் ஜனவரியில் நடைபெறுகிறது. முதல் முழு மாரத்தானுக்கு வழக்கமாகப் பரிந்துரைக்கப்படும் 16 முதல் 18 வாரப் பயிற்சியைப் பின்னோக்கி எண்ணினால் தொடக்கம் ஆகஸ்ட் இறுதியிலோ செப்டம்பர் முற்பாதியிலோ வரும். அதாவது முதல் வாரங்களில் புழுக்கமும் அக்டோபருக்குப் பின் வடகிழக்குப் பருவமழையும் எதிர்ப்படும். தூரம் உச்சத்தைத் தொடவேண்டிய நவம்பர், டிசம்பரில் பல கல்லூரிகளில் பருவத் தேர்வுகள் வரும். புழுக்கத்துக்கு உடல் தானே வழிசெய்துகொள்ளும்: வெப்பத்தில் பத்துப் பதினான்கு நாள் தொடர்ந்து ஓடினால் இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுகிறது, வியர்வை முன்னதாகவே சுரக்கிறது, அதே வேகத்துக்கு இதயத் துடிப்பு இறங்குகிறது. அதுவரை கைக்கடிகாரம் காட்டும் வேகத்தைப் பொருட்படுத்தாமல் மூச்சை அளவாகக் கொள்வதே முறை. தேங்கிய மழைநீரில் சாலையின் பள்ளம் தெரியாத நாட்களில் ஓட்டத்தை மறுநாளுக்குத் தள்ளுவதைத் தவிர வேறு வழி இல்லை.

தேர்வுக்கு மட்டும் மனிதர்தான் வழிசெய்ய வேண்டும். தேர்வு நாட்காட்டி கையில் கிடைத்ததும் அந்த இரண்டு வாரங்களைப் பயிற்சி அட்டவணையில் முதலிலேயே அடித்துவிட்டு, இன்டர்வலை முற்றிலும் நீக்கி, நாளுக்கு முப்பது நாற்பது நிமிட நிதான ஓட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு, மீதி வாரங்களைச் சுற்றிலும் அடுக்குவது நடைமுறைக்கு ஏற்றது. மாதக்கணக்கில் சேர்ந்த பயிற்சிப் பயன் இரண்டு வாரக் குறைப்பால் கரைந்துவிடுவதில்லை. ஆய்வேடு சமர்ப்பிப்பதற்கும் இதே கணக்குப் பொருந்தும் என்றாலும் ஒரு வேறுபாடு உண்டு: தேர்வு சொன்ன நாளில் வரும், நெறியாளரின் திருத்தங்கள் சொல்லாத நாளிலும் வரும். ஆகவே ஆய்வேட்டின் கடைசி ஆறு மாதங்களில் முதல் மாரத்தானுக்குப் பெயர் கொடுப்பதை விட, 21.1 கிலோமீட்டர் அரை மாரத்தானோடு அந்த ஆண்டை முடித்துக்கொள்பவர் சரியாக முடிவெடுத்தவரே.

பந்தயத்துக்கு முந்தைய இரண்டு மூன்று வாரங்களில் தூரத்தைப் படிப்படியாகக் குறைத்துத் தசைகளை ஆற விடுவதை ‘டேப்பர்’ என்பார்கள். மாணவரின் ஆண்டில் வாரத்துக்கு மூன்று நான்கு மணி நேரம் தானாகவே மீதமாகும் அரிய காலம் அது. அந்த நேரத்தைத் தள்ளிப்போட்ட அத்தியாயத்துக்குத் தரலாமா என்றால் பகலில் தரலாம். இரவு பத்து மணிக்குப் பிறகு மடிக்கணினியைத் திறப்பவர், ஓடாமல் சேமித்ததைத் தூங்காமல் செலவழித்துவிடுகிறார்.